ராத்திரி தூங்குனீங்களா?

வீட்டுக்குள் போனதும் படுத்திருப்பவரிடம் நான் முதலில் பேசுவதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியையோ மகளையோ மருமகளையோதான் கேட்பேன்: "ராத்திரி தூங்குனீங்களா?" இதைக் கேட்டதும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு. கட்டிலில் கிடப்பவரைப் பற்றி ஊரே விசாரித்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொம்பளையை ஒருவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். வலி, மூச்சிரைப்பு, அரிப்பு, பிதற்றல் எல்லாமே இருட்டிய பிறகு கூடுகிறவை. அவள் தூங்கினாள் என்றால் நோயாளி ஓரளவு நன்றாக இருக்கிறார். தூங்கவில்லை என்றால் ஏன் என்று தேடுவதில்தான் என் வேலை தொடங்கும்.

அரசு எனக்கு வைத்திருக்கும் பெயர் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர். சிவகாசி, திருத்தங்கல் பக்கத்துத் தெருக்களில் 'படுக்கையில கெடக்குறவுகளப் பாக்க வர்ற நர்சம்மா'. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பெரும்பாலோருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கு வருவதுதான் ஞாபகம் வரும். அதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு செவிலியரும் ஒரு இயன்முறை மருத்துவரும் வண்டியில் வீடு வீடாகப் போகும் வேலையும் இருக்கிறது. புற்று முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், முதுகெலும்பு உடைந்தவர்கள், வயதால் எழுந்திருக்க முடியாதவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலரை எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் 'இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வார்டில் வேலை பார்த்த காலத்தில் அந்த வாக்கியத்தை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது. அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்திருப்பார்.

செய்வதற்கு என்னமோ நிறைய இருக்கிறது. என் பையைத் திறந்தால் கையுறை, கதீட்டர், மூத்திரப் பை, மூக்குக் குழாய், மெட்ரோனிடசோல் மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி. இந்தக் கட்டுத்துணி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படுவது. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து போகிறது. வெடி செய்வதும் எங்கள் மாவட்டம், காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்வதும் எங்கள் மாவட்டம். வண்டியில் போகும்போது இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, கருத்து, பிறகு எலும்பு தெரியும் அளவுக்குப் புண் குழியும். பாடம் சரி. திருப்புவதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே. விடிந்ததும் பயர் ஆபீஸ் வேன் தெருமுனைக்கு வந்துவிடும். இங்கே பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. ஒருநாள் போகாவிட்டால் அன்றைக்குக் காசில்லை, சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். கணவனோ மாமியாரோ படுத்த வீட்டில் மருந்துச் செலவு கூடியிருக்கும்போதுதான் அந்தப் பெண்ணால் வேலைக்குப் போகாமல் இருக்கவே முடியாது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் தட்டில் இட்லியும் வைத்துவிட்டு வேனில் ஏறிவிடுவாள். சாயங்காலம் திரும்பும்வரை படுத்தவர் கிடந்த பக்கமே கிடப்பார்.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தைப் பற்றி எங்கள் பயிற்சிகளில் கட்டாயம் பேசுவார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மருத்துவக் கல்லூரியின் ஒரு மூலையில் தொடங்கியது, பிறகு அக்கம்பக்கத்தாரே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கும் வலைப்பின்னலாகக் கேரளம் முழுக்கப் பரவியது. 2008இல் அந்த மாநிலம் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. பெரிய காரியம்தான். ஆனால் அதை அப்படியே எடுத்துவந்து சிவகாசியில் வைக்க முடியாது. இங்கே பகலில் தெருவே ஆபீஸில் இருக்கும். தன்னார்வலராக வா என்று யாரைக் கூப்பிட்டாலும் அவருடைய ஒருநாள் கூலியைத்தான் கேட்கிறோம்.

அதனால் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த மதினி ஒருத்தி. புருஷன் லோடு ஏற்றும் வேலைக்கும் மகள் ஆபீஸுக்கும் போய்விடுவார்கள். எதிர்த் திண்ணையில் மூன்று பெண்கள் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கூட்டி, போர்வையைப் பிடித்து இழுத்துத் திருப்புவதைக் காட்டினேன். இரண்டு பேர் போதும், இடுப்பு பிடிக்காது. மணி பார்க்கச் சொன்னால் மறந்துவிடும் என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்து மணியைக் கணக்கு வைத்தோம்: காலை மணிக்கு இடப்பக்கம், இன்டர்வெல் மணிக்கு மல்லாக்க, சாப்பாட்டு மணிக்கு வலப்பக்கம். பள்ளி லீவு விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "சீரியல் இருக்குல்ல சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. அந்த மதினிக்கு இடுப்பில் புண் வரவில்லை. குதிகாலுக்கு மட்டும், கெண்டைக்காலுக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்துக் குதிகால் தரையில் படாமல் தூக்கி வைத்தோம். ஊர்ப்பட்ட பணம் போட்டு வாங்கும் காற்று மெத்தை செய்வதில் ஒரு பகுதியைக் கிழிந்த சேலையே செய்துவிடும்.

வாயில் வந்த புற்றுக்கு முகத்தில் புண் வெடித்திருந்த பெரியவர் ஒருவரை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டத்தில் படுக்க வைத்திருந்தார்கள். கோபப்பட்டு என்ன செய்ய. அந்த நாற்றத்தில் யாராலும் சோறு தின்ன முடியாது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணைக் கழுவிய பிறகு தூவினால் நாற்றம் சில நாளில் குறையும். இது ஒன்றும் புது மருந்தில்லை, வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பதுதான். புண்ணிலிருக்கும் கிருமிகளைக் கொல்வதால் வாடை அடங்குகிறது. மருமகளுக்குக் கழுவும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். அடுத்த முறை போனபோது கட்டில் முன்வாசலுக்கு வந்திருந்தது. யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வலியை அளக்க எங்களுக்குப் 'பத்துக்கு எத்தனை' என்று ஒரு அளவு உண்டு. படித்தவர்களுக்கு அது சரி. வயதானவர்களிடம் ரூபாய்க்கு எத்தனை அணா வலி என்று கேட்பேன். ஒரு தாத்தா "பதினாலணா" என்றார். எலும்புக்குப் பரவிய புற்று. மார்ஃபின் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் கேட்டதற்கு, "நாலணா கெடக்கு தாயி. அது கெடக்கட்டும். அதும் போயிருச்சுன்னா நான் இருக்கனா இல்லையான்னு எனக்கே தெரியாது" என்றார்.

மார்ஃபின் என்றால் வீட்டார் பயப்படுகிறார்கள், டாக்டர்களிலும் சிலர் பயப்படுகிறார்கள். போதை மாத்திரை, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்பார்கள். வலிக்கேற்ற அளவில் நாலு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தால் அப்படி ஒன்றும் ஆகாது. படுக்கப்போகும்போது இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நடுராத்திரியில் யாரும் எழுந்திருக்க வேண்டாம். மலச்சிக்கல்தான் நிச்சயம் வரும். கூடவே அதற்கு மாத்திரை எழுதாவிட்டால் வலி போன சந்தோஷம் மூன்றாம் நாள் போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக எந்த மருந்து என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தின வருடம்தான் நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் உரிமச் சிக்கல்களுக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாட்டில், புற்றுநோயாளிக்கு வலி மாத்திரை கிடைக்காத நிலை. 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போதும் மார்ஃபின் என் பையில் இருக்காது. டாக்டர் எழுதி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் பதிவேட்டில் ஏற்றித்தான் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கு இருக்க வேண்டியதுதான். ஆனாலும் வெடிமருந்து மூட்டை மூட்டையாக ஏறி இறங்குகிற ஊரில் 10 மில்லிகிராம் மாத்திரைக்கு ஒரு மகன் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி அலைவதைப் பார்க்கும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது.

சொல்வதா வேண்டாமா என்பது இன்னொரு சங்கடம். வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே மகன் ஓடிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்துவான். "சிஸ்டர், அவருக்குக் கேன்சர்னு தெரியாது. சொல்லிராதீக." உள்ளே போனால் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "அவன்கிட்ட சொல்லிராத ஆத்தா, தாங்க மாட்டான்" என்பார். எப்படித் தெரியும் என்று ஒருவரிடம் கேட்டேன். "மதுரையில பாலரெங்காபுரத்துக்குக் கூட்டிப் போனாங்கல்ல. அங்க கரண்டு வைக்கிறது எதுக்குன்னு இந்தச் சீமையில எந்தப் புள்ளைக்குத் தெரியாது?" என்றார். அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது. எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது, அவர்கள் கேட்காததைச் சொல்லவும் பிடிக்காது. நோயாளியிடம் "உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று கேட்பேன். பாதிப் பேர் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. பத்திரம் யார் பேரில், மகள் கல்யாணக் கடன் என்னாச்சு, ஒருமுறை இருக்கன்குடி போய் மாரியம்மனைப் பார்த்துவிட முடியுமா, இப்படித்தான். இருக்கன்குடிக்கு ஒரு பாட்டியை மூத்திரப் பையோடு ஆட்டோவில் அனுப்பியிருக்கிறோம். போகும் முன் கூடுதலாக ஒரு வேளை மாத்திரை, வழிக்கு இரண்டு டயப்பர். ஆற்று மணலில் பேரன்கள் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

நவீன ஹாஸ்பிஸ் என்று உலகம் சொல்லும் முறையை லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இடத்தில் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் ஒரு நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகி, அப்புறம் மருத்துவம் படித்தவர். உடம்பு வலியோடு மன வலி, பணக் கவலை, சாமியிடம் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய மொத்த வலி என்று அவர் சொன்னார். அவர் முதுகுவலிக்காரர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டு தலைக்கூத்தலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முடியாமல் கிடக்கும் முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிர ஊற்றி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் பழக்கம். 2010இல், வீட்டார் தனக்கு நாள் குறித்திருப்பதைத் தெரிந்துகொண்டு ஒரு முதியவர் வீட்டை விட்டுத் தப்பி ஓடிய செய்தி விருதுநகர் மாவட்டத்திலிருந்துதான் வெளியே போனது. அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். 'பாரம்', 'கே.டி. (எ) கருப்புதுரை' என்று சினிமாவும் வந்தது. அது கொலை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சில வீடுகளில் பின்னால் நிலமும் பாகப்பிரிவினையும் இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் போன வீடுகளில் அந்தப் பேச்சு எழுந்தபோதெல்லாம் கூடவே இருந்தது அசதி.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். எண்பது தாண்டியவர். ராத்திரியெல்லாம் கத்துகிறார், துணியை உருவிப் போடுகிறார், பக்கத்தில் வருகிறவர்களை அடிக்கிறார். மகன் என்னை வாசலிலேயே நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்: "நர்சம்மா, வர்ற சனிக்கிழமை ஐயாவுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டலாமா?" இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. நான் போலீஸ் என்று ஆரம்பித்திருந்தால் கதவு அடைந்திருக்கும். "நீங்க கடைசியா எப்பத் தூங்குனீங்க?" என்றேன். அவன் மனைவி உள்ளேயிருந்து, "தூக்கமா?" என்றாள். அவ்வளவுதான்.

பெரியவரின் அடிவயிற்றில் கை வைத்தேன். கல் மாதிரி இருந்தது. மூத்திரம் அடைத்து, சொட்டுச் சொட்டாக மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. துணி நனைவதால் போகிறது என்று வீட்டார் நினைத்துவிட்டார்கள். கதீட்டர் போட்டதும் பை நிறைந்தது. மலமும் இறுகிக் கிடந்தது, அதையும் எடுத்துவிட்டேன். வட்டார மருத்துவ அலுவலரிடம் போனில் பேசி மருந்து கேட்டு வாங்கினேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மருமகள் அந்தக் குறட்டையைக் கேட்டுப் பயந்து, "இழுக்குதோ?" என்று கேட்டாள். தூங்குகிறார் என்றேன். பேச முடியாத முதியவர் கத்துகிறார் என்றால் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் மூத்திரப் பையையும் மலக்குடலையும் பாருங்கள் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகனிடம் பிறகு தனியாக, அந்தக் காரியம் கொலைக் குற்றம் என்பதையும் பச்சையாகச் சொன்னேன். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருப்பதை ஊர் ஆரம்பப் பள்ளிச் சுவரில் எழுதவும் வைத்தோம். வீட்டில் யாருமே இல்லாதவர்களுக்கு மதுரையில் நேத்ராவதி மையம் போன்ற இடங்கள் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்துக்குள் அப்படிப் படுக்கை போட்டுப் பார்க்கும் இடம் இன்னும் கூடுதலாக வேண்டும். அந்தப் பெரியவர் கார்த்திகை மழையில் சளி கட்டி, மகன் மடியில்தான் செத்தார்.

வெடி விபத்து நடந்தால் எத்தனை பேர் செத்தார்கள் என்பது செய்தியில் வரும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர். பிழைத்தவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பது எங்கள் பதிவேட்டில்தான் வரும். கழுத்துத் தோல் நெஞ்சோடு இழுத்துக்கொண்டு நிமிர முடியாதவர்கள், விரல்கள் ஒட்டிப்போனவர்கள், சுவர் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாதவர்கள். இவர்கள் சாகப்போகிறவர்கள் இல்லை. பல வருடம் வாழப்போகிறவர்கள். வெந்து ஆறிய தோலின் அரிப்பு வலியைவிடக் கொடுமை என்று சொல்வார்கள். தேங்காய் எண்ணெய், அரிப்புக்கு மாத்திரை, இயன்முறை மருத்துவரின் பயிற்சி. ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் வீடுகளில் எனக்கு வேறொரு சோலி உண்டு: பக்கத்து அறையில் திருட்டுத்தனமாகத் திரி செய்கிறார்களா என்று பார்ப்பது. ஒரு வீட்டில் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, வெளியே எடுக்கும்வரை கருவியை ஆன் பண்ண மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி நாட்களில் எல்லா வீட்டிலும் வரும் சண்டை பால். உயிர் பிரியும் முன் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் வாயில் பால் ஊற்ற வேண்டும். விழுங்கும் சக்தி போனவருக்கு ஒரு கரண்டி ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்த் திணறுவார். ஊற்றாதே என்றால் அக்காவும் தங்கையும் காலத்துக்கும் மனசாட்சியோடு சண்டை போடுவார்கள். அதனால் சத்திரப்பட்டித் துணியைச் சின்னதாகக் கிழித்து, பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் தொட்டு வைக்கச் சொல்வேன். வரிசையில் எல்லோரும் தொடலாம், வெளியூர் மகன் வரும்வரை மறுபடி மறுபடியும் தொடலாம். வாய் காய்வதும் அடங்கும். ஒரு கிழவி மட்டும் என்னைத் திட்டினாள், "எம் புருசனுக்குத் துணியில பாலா?" என்று. பிறகு அவளே பேத்திகளை அதட்டி வரிசையில் நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் ஒருமுறை போவோம். திட்டத்தின் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. அந்தப் போக்கில் மீந்த மார்ஃபினை எண்ணித் திருப்பி வாங்க வேண்டும், இரவல் கொடுத்த காற்று மெத்தையையும் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் மெத்தைக்கு எப்போதும் வரிசை இருக்கும். ஆபீஸ் வேலை கூடும், படுத்தவர்கள் அதிக நேரம் தனியாகக் கிடப்பார்கள். போன முறை அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த அக்கா மெத்தையை டெட்டால் போட்டுக் கழுவி, காயவைத்து, பம்பின் வயரைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அடுத்து யார் வீட்டுக்கு என்று கேட்டார். மூன்று தெரு தள்ளி, மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு புதுப் பெண் என்றேன். "நானும் வாரேன் சிஸ்டர். மோட்டார் ராத்திரி பூரா கிர்ருனு கத்தும், பயந்து ஆஃப் பண்ணிப்புடுவா. அப்புறம் போர்வையப் புடிச்சுத் திருப்புறது ஒரு ஆளா எப்பிடின்னு காட்டணும்ல" என்று செருப்பைத் தேடினார்.